பென்சிலும் தாளும் போதும்: கணினி அறிவியல் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கணினி அறிவியலை இப்போதுதான் தொடங்கியிருக்கும் மாணவர்கள் அனுப்பியவை. பலருக்கும் ஒரே குறை: "வரையறை தெரியும், பரீட்சையில் எழுதிவிடுவேன், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை." நிரல் எழுதும் வேலையில் சில காலம் இருந்துவிட்டுக் கற்பிக்க வந்தவள் நான். என் வகுப்பில் ஆரம்ப நாட்களில் கணினியைத் திறக்க விடமாட்டேன், தாளில் டிரை ரன் போடச் சொல்வேன். நிரலை வரி வரியாகக் கையால் ஓட்டி, எந்த மாறியில் (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடத்தில்) எந்த நேரத்தில் என்ன மதிப்பு என்று கட்டம் போட்டு எழுதுவதுதான் டிரை ரன். இங்கேயும் அதைத்தான் கேட்கப்போகிறேன். கையால் சரிபார்க்க முடிகிற கேள்விகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

கேள்வி: பிட், பைட், கிலோபைட், மெகாபைட் எல்லாம் மனப்பாடம். ஆனால் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்கை மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுகிறது. மீதி எங்கே போனது?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர்

பதில்: எங்கும் போகவில்லை. ஒரே டிஸ்கை இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். தயாரிப்பாளருக்குக் கிலோ என்றால் 1,000. அந்தக் கணக்கில் 1 டெராபைட் என்பது சரியாக 1 லட்சம் கோடி பைட். விண்டோஸுக்குக் கிலோ என்றால் 1,024. 1,024-ஐ 1,024-ஆல் பெருக்கி, மறுபடியும் 1,024-ஆல் பெருக்கினால் வரும் 1,07,37,41,824 பைட்தான் அதற்கு ஒரு ஜிபி. 1 லட்சம் கோடியை இதனால் வகுத்துப் பாருங்கள், 931.3 வரும்.

1,024 ஏன் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிட்டுக்கு இரண்டே நிலை, 0 அல்லது 1. இரண்டு பிட் சேர்ந்தால் 4 விதம், எட்டு பிட் சேர்ந்தால் 256 விதம், பத்து பிட் சேர்ந்தால் 1,024 விதம். நினைவகத்தின் முகவரிகளும் பிட்டுகளால் ஆனவை என்பதால் இடங்களின் எண்ணிக்கை இயல்பாகவே 2-இன் அடுக்குகளில் வந்து நிற்கிறது. குழப்பம் தீரட்டும் என்று 1998-ல் 1,024 கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர்களே வைத்தார்கள். லினக்ஸில் பல இடங்களில் அந்தப் பெயர்களைப் பார்க்கலாம், விண்டோஸ் பழைய பெயரிலேயே நிற்கிறது.

கேள்வி: பைத்தானில் 0.1 + 0.2 என்று போட்டேன். 0.30000000000000004 என்று வந்தது. என் கணினியில் ஏதாவது கோளாறா?
– கல்லூரி முதலாண்டு மாணவி

பதில்: கோளாறு இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் போட்டாலும் இதேதான் வரும். இந்தக் கேள்வியை முதலாண்டிலேயே கேட்டதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். இதைப் பார்த்தும் கடந்துபோகிறவர்கள் அதிகம்.

பென்சிலை எடுங்கள். ஒரு பின்னத்தை இரும எண்ணாக மாற்ற, அதை 2-ஆல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு எண் பகுதியில் வருவதை (0 அல்லது 1) எழுதிக்கொண்டு, மீதிப் பின்னத்தை மறுபடியும் பெருக்க வேண்டும். 0.1-ஐப் பெருக்கினால் 0.2, எழுத வேண்டியது 0. 0.2-ஐப் பெருக்கினால் 0.4, எழுத வேண்டியது 0. அடுத்து 0.8, மறுபடியும் 0. அடுத்து 1.6, இப்போது 1 எழுதிவிட்டு 0.6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 1.2 ஆகிறது, 1 எழுதினால் மீதி 0.2. இந்த 0.2-ஐ ஏற்கெனவே பார்த்துவிட்டோம் அல்லவா? இனி 0011, 0011, 0011 என்று முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பத்தின் அடிமானத்தில் 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.333 என்று ஓடுவதைப் போல, இரண்டின் அடிமானத்தில் பத்தில் ஒன்று முடிவதில்லை.

ஆனால் அதை வைக்கக் கிடைக்கும் இடத்துக்கு முடிவு உண்டு. பைத்தானின் ஃப்ளோட் எண்ணுக்கு, அதாவது புள்ளி வைத்த எண்ணுக்கு, 64 பிட், அதில் இலக்கங்களுக்கு உண்மையில் பயன்படுவது 53 பிட். அதற்கு மேல் வருவதை வெட்டி, பக்கத்து மதிப்புக்கு ஒட்டவைத்துவிடுகிறது. ஆக, உள்ளே இருப்பது 0.1 இல்லை, 0.1-க்கு மிக மிக நெருக்கமான வேறொரு எண். 0.2-க்கும் அதே கதி. இரண்டு சிறு பிழைகளும் கூட்டலில் சேர்ந்து வெளியே தலைகாட்டின, அவ்வளவுதான். 0.5 + 0.25 போட்டுப் பாருங்கள், துல்லியமாக 0.75 வரும். காரணத்தை மேலே சொன்ன முறையில் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இவ்வளவு சிறிய பிழை என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு நொடியை ஒரு எண்ணிக்கையாகக் கொண்டு ஓடியது. நொடியாக மாற்ற அதை 0.1-ஆல் பெருக்கினார்கள், அந்த 0.1 இருந்தது 24 பிட் இடத்தில். வெட்டுப்பட்டதால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஏறத்தாழ 0.000000095 நொடி குறைந்தது. அமைப்பை நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடவிட்டிருந்தார்கள். 100 மணி நேரத்தில் பத்தில் ஒரு நொடிகள் எத்தனை? 36 லட்சம். பெருக்குங்கள், 0.34 நொடி வரும். நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் பாயும் ஏவுகணை அந்த இடைவெளியில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ரேடார் தவறான இடத்தில் பார்த்தது, அங்கே எதுவும் இல்லை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். எனக்கும் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக வருவதில்லை.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய நடைமுறை இரண்டு. ஃப்ளோட் எண்கள் இரண்டும் சமமா என்று நேரடியாக ஒப்பிடாதீர்கள், வித்தியாசம் மிகச் சிறியதா என்று பாருங்கள். பணக் கணக்கு என்றால் நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அ = அ + 1 என்று எழுதுகிறோமே, கணிதத்தில் இது பொய் அல்லவா?
– கணிதம் படித்துவிட்டுக் கணினிக்கு வந்தவர்

பதில்: கணிதத்தில் பொய்தான். ராபர்ட் ரெக்கார்டு 1557-ல் இரண்டு இணைகோடுகளைச் சமக் குறியாகப் போட்டபோது, இரு பக்கமும் ஒன்று என்று சொல்லவே போட்டார். சி, ஜாவா, பைத்தான் எல்லாம் அதே குறியை ஒரு கட்டளைக்கு எடுத்துக்கொண்டன: வலது பக்கத்தை முதலில் கணக்கிடு, வந்த விடையை இடது பக்கம் உள்ள இடத்தில் வை. அங்கே முன்பு இருந்த மதிப்பு அழிந்துபோகும். பாஸ்கல் மொழியில் இதற்கு முக்காற்புள்ளி சேர்த்த தனிக் குறியே உண்டு. தொடக்க மாணவர்களுக்கு அது நல்லது என்பது என் கருத்து.

"அழிந்துபோகும்" என்பதை ஒரு டிரை ரன்னில் பார்த்துவிடுவோம். அ-வில் 7, ஆ-வில் 4. இரண்டையும் மாற்றிவைக்க வேண்டும். புதிதாக வரும் மாணவர்கள் அ = ஆ, ஆ = அ என்று இரண்டு வரி எழுதுவார்கள். முதல் வரி முடிந்ததும் அ-வில் 4, ஆ-விலும் 4. அந்த 7 இப்போது எங்குமே இல்லை. இரண்டாம் வரியால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால்தான் மூன்றாவதாக ஒரு மாறி வேண்டியிருக்கிறது. பைத்தானில் மட்டும் அ, ஆ = ஆ, அ என்று ஒரே வரியில் எழுதிவிடலாமே என்பீர்கள். எழுதலாம். அங்கும் விதி அதேதான்: வலது பக்கம் முழுவதையும் கணக்கிட்டு முடித்த பிறகே இடது பக்கத்தைத் தொடுகிறது.

கேள்வி: அரேயின் முதல் உறுப்புக்கு ஏன் 0 என்று எண்?
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: அரே என்பது நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களில் வைத்த மதிப்புகளின் தொகுப்பு. அந்த 0 வரிசை எண் இல்லை, தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. அரே 1000 என்ற முகவரியில் தொடங்குகிறது, ஒவ்வொரு முழு எண்ணுக்கும் 4 பைட் என்று வையுங்கள். 3 என்று எண்ணிட்ட உறுப்பு 1000 + 3 × 4, அதாவது 1012-ல் இருக்கும். முதல் உறுப்பு எதுவும் தள்ளி இல்லை, ஆகவே 0. ஃபோர்ட்ரான், ஆர் போன்ற மொழிகள் 1-ல் தொடங்குகின்றன, அவையும் நன்றாகவே வேலை செய்கின்றன.

இந்தக் கேள்வியோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 10 உறுப்புள்ள அரேயில் கடைசி எண் 9. சி மொழியில் 10 என்று போட்டாலும் அது தடுக்காது. அதே பெருக்கலைச் செய்து, அரேக்கு வெளியே இருக்கும் வேறு எதன் மேலோ எழுதிவிடும். 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மோரிஸ் வார்ம் (கணினிக்குக் கணினி தானாகவே பரவிய ஒரு நிரல்), பல கணினிகளுக்குள் நுழைய இந்த ஓட்டையையும் பயன்படுத்தியது. ஃபிங்கர் என்ற சேவை, வரும் எழுத்துகளுக்கு 512 பைட் இடம் ஒதுக்கிவிட்டு நீளத்தைச் சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டது. வார்ம் அதைவிட நீளமாக அனுப்பியது.

கேள்வி: கம்பைலர் நிரல் முழுவதையும் ஒரே முறையில் இயந்திர மொழிக்கு மாற்றும், இன்டர்பிரட்டர் வரி வரியாக மாற்றும் என்று எங்கள் கைடில் இருக்கிறது. பைத்தான் இன்டர்பிரட்டர் மொழிதானே?
– கல்லூரி முதலாண்டு மாணவர்

பதில்: கைடை ஒரு ஓரமாக வைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு பைத்தான் கோப்பின் முதல் வரியில் "வணக்கம்" என்று பிரிண்ட் செய்யச் சொல்லுங்கள். கடைசி வரியில் வேண்டுமென்றே ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விடுங்கள். ரன் பண்ணினால் வணக்கம் வராது, நேராக எரர்தான் வரும். வரி வரியாகத்தான் போகிறது என்றால் முதல் வரி ஓடியிருக்க வேண்டும் அல்லவா? இப்போது அடைப்புக்குறியைச் சரிசெய்துவிட்டு, கடைசி வரியில் எங்கும் மதிப்பு தராத ஒரு மாறியின் பெயரைப் போடுங்கள். இந்த முறை வணக்கம் வந்த பிறகே எரர் வரும்.

நடந்தது இதுதான். பொதுவாக நாம் பயன்படுத்தும் பைத்தான், கோப்பு முழுவதையும் முதலில் படித்து, பைட்கோட் என்ற இடைநிலைக் கட்டளைகளாக மாற்றிவிடுகிறது. இலக்கணப் பிழை இருந்தால் இங்கேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு இன்டர்பிரட்டர் அந்த பைட்கோடை ஒவ்வொரு கட்டளையாக நிறைவேற்றுகிறது. இல்லாத மாறி அந்தக் கட்டளைக்கு வந்த பிறகுதான் தெரியவரும். ஜாவாவும் பைட்கோடுக்குத்தான் மாற்றுகிறது. ஓடும்போதே அதில் அடிக்கடி வரும் பகுதிகளை நேரடி இயந்திரக் கட்டளையாகவும் மாற்றிக்கொள்கிறது. அதனால் "இது கம்பைலர் மொழி, அது இன்டர்பிரட்டர் மொழி" என்று பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. மொழி வேறு, அதை ஓடவைக்கும் கருவி வேறு. பரீட்சையில் கைடு கேட்பதை எழுதிவிட்டு வாருங்கள். இந்தச் சோதனை உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: ரிகர்ஷன் என்றாலே பயமாக இருக்கிறது, மேடம். ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைத்தால் அது எப்படி முடியும்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

பதில்: தன்னையே அழைக்கிறது என்று நினைப்பதால் வரும் பயம் அது. தாளில் போட்டால் போய்விடும். பெருக்கு என்று ஒரு ஃபங்ஷன். அதற்கு 1 கொடுத்தால் 1-ஐத் திருப்பித் தரும். வேறு எண் கொடுத்தால், அந்த எண்ணை, அதைவிட ஒன்று குறைந்த எண்ணின் பெருக்கு விடையோடு பெருக்கித் தரும்.

பெருக்கு(4)-ஐ ஓட்டுவோம். தாளின் அடியில் ஒரு பெட்டி வரைந்து உள்ளே "எண் = 4, விடைக்குக் காத்திருக்கிறது" என்று எழுதுங்கள். அதற்குப் பெருக்கு(3) வேண்டும். மேலே இன்னொரு பெட்டி, "எண் = 3, காத்திருக்கிறது". அதன் மேல் 2-க்கு ஒரு பெட்டி. அதன் மேல் 1-க்கு ஒரு பெட்டி. 1 யாரையும் கேட்க வேண்டியதில்லை, விடை 1 என்று சொல்லிவிடும். அந்தப் பெட்டியை அடித்துவிடுங்கள். கீழே இருக்கும் பெட்டி 2 × 1 = 2 என்று சொல்லி மறைகிறது. அடுத்தது 3 × 2 = 6. கடைசியாக 4 × 6 = 24. நான்கு பெட்டிகளிலும் எண் என்ற மாறி இருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி எண். பெயர் ஒன்று, இடம் வேறு. இது பிடிபட்டுவிட்டால் ரிகர்ஷனில் முக்கால்வாசி முடிந்தது. நீங்கள் வரைந்த அந்த அடுக்குக்குப் பெயர்தான் ஸ்டாக்.

1 கொடுத்தால் 1 என்ற நிபந்தனையை எழுத மறந்துவிட்டால்? பெட்டிகள் 0, -1, -2 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். ஸ்டாக்குக்கு ஒதுக்கிய இடம் தீரும்போது நிரல் நின்றுவிடும், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்பது இதுதான். பைத்தான் அதுவரை காத்திருக்காது. இயல்பாக 1,000 ஆழத்துக்கு மேல் போக விடுவதில்லை.

அப்புறம், ரிகர்ஷன் சரியாக எழுதப்பட்டிருந்தும் மெதுவாகலாம். 0, 1-ல் தொடங்கி, முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபோனச்சி எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிபோ(5)-க்கு ஃபிபோ(4), ஃபிபோ(3) இரண்டும் வேண்டும். ஃபிபோ(4)-க்கு மறுபடியும் ஃபிபோ(3) வேண்டும், ஃபிபோ(2)-உம் வேண்டும். இப்படி 0, 1 வரை கிளை கிளையாக வரைந்து எண்ணிப் பாருங்கள், மொத்தம் 15 அழைப்புகள் வரும். அதில் ஃபிபோ(1) மட்டுமே 5 முறை. ஃபிபோ(40) வரை போனால் 33,11,60,281 அழைப்புகள். அதே விடையை ஒரு லூப்பில் நாற்பது கூட்டலுக்குள் எடுத்துவிடலாம். கண்டுபிடித்த விடைகளை ஒரு அரேயில் எழுதிவைத்துக்கொண்டால் ரிகர்ஷனிலும் எடுக்கலாம். இதை நான் வாயால் சொன்னால் மாணவர்கள் தலையாட்டுவார்கள். ஃபிபோ(5)-இன் கிளைகளைக் கையால் வரைந்தவர்களோ ஃபிபோ(6) வரையும்போதே "இதைத்தான் ஏற்கெனவே போட்டோமே" என்று நிறுத்திக் கேட்பார்கள். அந்த எரிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். டைனமிக் புரோகிராமிங் என்ற பெரிய பாடம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

கேள்வி: பிக் ஓ எதற்கு? இப்போதைய கணினிகள்தான் இவ்வளவு வேகமாக இருக்கின்றனவே.
– சுயமாக நிரல் கற்பவர்

பதில்: வேகம் எவ்வளவு என்பதை பிக் ஓ அளப்பதில்லை. தரவு வளர்ந்தால் வேலை எந்த விதத்தில் வளரும் என்பதைச் சொல்கிறது. 10 லட்சம் எண்கள் இருக்கின்றன, அவற்றை வரிசைப்படுத்த வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் முறையில் ஏறத்தாழ 1 லட்சம் கோடி படிகள். நொடிக்கு 100 கோடி படி போகும் கணினிக்கும் இது 1,000 நொடி வேலை. பாதி பாதியாகப் பிரித்து, வரிசைப்படுத்தி இணைக்கும் மெர்ஜ் சார்ட் போன்ற முறையில் ஏறத்தாழ 2 கோடி படிகள்தான், அதே கணினியில் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. எண்கள் 10 மடங்கு ஆனால் முதல் முறைக்கு வேலை 100 மடங்காகும், இரண்டாவதற்குப் பத்து மடங்கைச் சற்றே தாண்டும். எண்கள் இருபது மட்டும்தான் என்றால் எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள்.

பைனரி சர்ச் என்ற தேடல் முறையையும் பார்த்துவிடுங்கள். நடுவில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு முறையும் தேவையில்லாத பாதியைத் தள்ளிவிடும் முறை அது. வரிசைப்படுத்திய 10 லட்சம் எண்களில் ஒன்றைத் தேட 20 ஒப்பீடு போதும். 2-ஐ இருபது முறை பெருக்கினால் 10,48,576. இவ்வளவு எளிய அல்காரிதம்! ஆனால் ஜாவாவின் நூலகத்திலேயே அது ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஒரு பிழையோடு இருந்தது. 2006-ல் அதை வெளியே சொன்னவர் அதை எழுதிய ஜோஷுவா பிளாக் தானேதான். நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரு முனைகளையும் கூட்டி 2-ஆல் வகுத்தார்கள். அரே 100 கோடி உறுப்புகளைத் தாண்டும் அளவுக்குப் பெரிதாகும்போது அந்தக் கூட்டல் 32 பிட் முழு எண்ணில் அடங்காமல், விடை மைனஸில் போய்விடும். கீழ்முனையோடு, இடைவெளியின் பாதியைக் கூட்டினால் சரியாகிவிடும்.

கேள்வி: ரேமுக்கும் ஸ்டோரேஜுக்கும் என்ன வித்தியாசம்?
– பத்தாம் வகுப்பு மாணவர்

பதில்: மின்சாரம் போனால் ரேமில் இருப்பது போய்விடும், ஸ்டோரேஜில் இருப்பது இருக்கும். சேவ் பண்ணாத கட்டுரை அதனால்தான் காணாமல் போகிறது. இரண்டையும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது வேக வித்தியாசத்தில் இருக்கிறது. ரேமிலிருந்து ஒரு மதிப்பை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி, எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப் போல ஏறத்தாழ 1,000 மடங்கு நேரம், சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு.

கேள்வி: "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானில் கேட்டால் 5 என்கிறது. மூன்று எழுத்துதானே? திருப்பி அச்சிட்டால் ஏதோ உளறுகிறது.
– கல்லூரி முதலாண்டு மாணவி

பதில்: நாம் எழுத்து என்பதும் கணினி எழுத்து என்பதும் ஒன்றல்ல. கணினிக்குள் எல்லாம் எண்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் முதலாவதற்கு 65 என்று 1960-களில் ஆஸ்கி வகுத்தது. அதில் மொத்தமே 128 இடங்கள், உலக மொழிகளுக்கு அதில் இடமில்லை. 1991-ல் வந்த யூனிகோடு ஒவ்வொரு மொழிக்கும் எண்களை ஒதுக்கியது. நம் அகரத்துக்கு 2949. ஆனால் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரவில்லை. மெய்க்கு அகரம் ஏறிய வடிவமும், அதன்மேல் ஏறும் குறிகளும் தனித்தனி எண்கள்.

"தமிழ்" உள்ளே இப்படி இருக்கிறது: த 2980, ம 2990, இகரக் குறி 3007, ழ 2996, புள்ளி 3021. எண்ணுங்கள், ஐந்து. திருப்பினால் புள்ளி முதலில் வந்து, ஏற எழுத்தில்லாமல் தனியே நிற்கும். இகரக் குறி ம-வை விட்டு ழ-வின் மேல் ஏறி "ழி" ஆகும். உளறல் போலத் தெரிந்தது இதுதான், கணினி சொன்னதைச் சரியாகவே செய்திருக்கிறது. இந்த ஐந்தும், எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் சேரும்போது ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15 பைட். ஆக ஒரே சொல்லுக்கு மூன்று நீளம்: நமக்கு 3, பைத்தானுக்கு 5, டிஸ்குக்கு 15. எந்த நீளம் வேண்டும் என்பதை நிரல் எழுதுகிறவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. "கொ" என்பதை க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். தமிழ்ப் பெயர்களைத் தேடும் நிரல் எழுதினால், ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு நார்மலைசேஷன் என்ற வசதி பைத்தானிலேயே உண்டு. நம் மொழியில் நிரல் எழுத வருகிற பிள்ளைகள் இதை முதலாண்டிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பாடத்திட்டத்தில் இது வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஏஐயிடம் கேட்டால் நிரலை எழுதியே தந்துவிடுகிறது. இதையெல்லாம் இன்னும் கையால் போட்டுப் பார்க்க வேண்டுமா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்

பதில்: வேண்டும். அது தந்த நிரல் சரியா என்று யார் சொல்வது? ஒரு பட்டியலில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரல் என்று வையுங்கள். "பெரியது" என்ற மாறியை 0 என்று தொடங்கி, ஒவ்வொரு எண்ணும் அதைவிடப் பெரிதா என்று பார்த்து, பெரிதானால் மாற்றிக்கொண்டே போகிறது. படித்தால் சரியாகத் தெரியும். 4, 9, 2 கொடுத்தால் 9 என்று சரியாகவே வரும். -8, -3, -5 என்று கொடுத்து டிரை ரன் போடுங்கள். 0-ஐவிட எதுவும் பெரிதில்லை, அதனால் பட்டியலிலேயே இல்லாத 0 விடையாக வருகிறது. தொடக்க மதிப்பாகப் பட்டியலின் முதல் எண்ணைத்தான் வைக்க வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் என்ன செய்வது என்று உடனே அடுத்த கேள்வி வரும். நிரலை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கிறவர் ஒருவர் வேண்டும். ஏஐயைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். அது தருவதை ஒரு முறையாவது தாளில் ஓட்டாமல் சமர்ப்பிக்காதீர்கள்.

கேள்வி: பிட்டில் 0, 1 மட்டும்தான் என்றால் மைனஸ் குறியை எங்கே வைப்பார்கள்?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி

பதில்: எட்டு பிட்டில் பார்ப்போம். 5 என்பது 00000101. எல்லா பிட்டையும் புரட்டுங்கள், 11111010. அதோடு 1 கூட்டுங்கள், 11111011. இதுதான் -5. சரியா என்று பார்க்க இதையும் 5-ஐயும் கூட்டுங்கள். ஒன்பதாவது பிட்டாக ஒரு 1 வரும், அதற்கு இடமில்லாததால் விழுந்துவிடும், மீதி எட்டும் 0. டூஸ் காம்ப்ளிமென்ட் என்பது இந்த முறைதான். கழித்தலுக்கென்று தனிச் சுற்று தேவையில்லாமல் கூட்டல் சுற்றே இரண்டையும் செய்துவிடுகிறது.

இடப்பக்கக் கடைசி பிட் 1 என்றால் எண் மைனஸ். அதனால் எட்டு பிட்டில் -128 முதல் 127 வரைதான். 127-ஓடு 1 கூட்டிப் பாருங்கள், 01111111 என்பது 10000000 ஆகும், அதன் மதிப்பு -128. 32 பிட்டில் இந்த எல்லை 2,14,74,83,647. 13-இன் தொடர்பெருக்கல் (1 முதல் 13 வரை பெருக்கினால் வருவது) 6,22,70,20,800 என்பதால் அது இதில் அடங்காது, 12 வரைதான் அடங்கும். யூனிக்ஸ் வழிவந்த பல பழைய அமைப்புகள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளாக இதே 32 பிட்டில் எண்ணிவருகின்றன. சர்வதேச நேரப்படி 2038 ஜனவரி 19, அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு அந்த எண்ணிக்கை எல்லையைத் தொடும். 64 பிட்டுக்கு மாறாத அமைப்புகளில் அடுத்த நொடியின் தேதி 1901 டிசம்பர் 13.